வைத்தியனுக்கா, வாணியனுக்கா?

"வைத்தியனுக்குக் கொடுப்பதை வாணியனுக்குக் கொடு" என்பது நம் முன்னோர் வழங்கிய பழமொழி. எள்ளையும் கடலையையும் செக்கிலே ஆட்டி எண்ணெய் எடுத்துத் தருபவனே வாணியன். நல்ல எண்ணெய்க்குக் காசைச் செலவிட்டால் மருந்துக்குச் செலவிடும் நிலை வராது என்பது இதன் கருத்து. ஏட்டுப் படிப்பு இல்லாத பாட்டிமார் சொன்ன இச்சொல்லுக்கு இன்றைய அறிவியல் என்ன மறுமொழி கூறுகிறது? அதை நம் இல்லங்களின் அடுப்படி வரை கொண்டு சேர்ப்பது நம் கடமை என்பது என் எண்ணம்.

மாரடைப்பு என்றதும் நம் வாயில் முதலில் வரும் சொல் கொலஸ்ட்ரால். நாமக்கல் முட்டை நாடெங்கும் கடல் கடந்தும் செல்கிறது. சத்துணவுக் கூடங்களில் பிள்ளைகளின் தட்டை நிறைக்கிறது. ஆயினும் அதே ஊரில் முட்டையைக் கண்டு அஞ்சும் பெரியவர்கள் உண்டு. ஒரு முட்டையில் ஏறத்தாழ 200 மில்லிகிராம் கொலஸ்ட்ரால் இருப்பது உண்மையே. ஆனால் நம் உடலின் ஒவ்வோர் உயிரணுவின் சவ்விலும் கொலஸ்ட்ரால் இருக்கிறது. பித்தநீர் உண்டாகவும், பல ஹார்மோன்கள் சுரக்கவும் அது வேண்டும். நம் கல்லீரலே அதை நாள்தோறும் தயாரிக்கிறது. அப்படியிருக்க, உடலுக்கு வேண்டிய ஒரு பொருள் எப்படி எமனாக மாறுகிறது?

இக்கேள்விக்கு விடை தேடியவர்களுள் நம் நாட்டில் பயின்ற ஒருவர் உண்டு. அவர் பெயர் டாக்டர் சம்பத் பார்த்தசாரதி. பெங்களூரு இந்திய அறிவியல் கழகத்தில் ஆராய்ச்சிப் பட்டம் பெற்று, அமெரிக்கா சென்று, கலிபோர்னியா பல்கலைக்கழகத்தின் சான் டீகோ வளாகத்தில் டேனியல் ஸ்டைன்பெர்க் என்னும் பேரறிஞரின் குழுவில் பணியாற்றியவர்.

இரத்தத்தில் கொலஸ்ட்ராலைச் சுமந்து செல்வது எல்.டி.எல். என்னும் சிறு துகள். பின்னாளில், 1985இல், நோபல் பரிசு பெற்ற கோல்ட்ஸ்டீன், பிரவுன் ஆகிய இருவரும் 1979இல் ஒரு விந்தையைக் கண்டார்கள். அழுக்கை விழுங்கும் வெள்ளையணுக்கள், இயல்பான எல்.டி.எல். துகளை அதிகம் தீண்டுவதில்லை. ஆனால் ஆய்வுக்கூடத்தில் வேதிமாற்றம் செய்த துகளைக் கொடுத்தால், போதும் என்றே அறியாமல் விழுங்கி, உள்ளே கொழுப்பு நிறைந்து நுரை போல் ஆகிவிடுகின்றன. இத்தகைய நுரையணுக்களே இரத்தக் குழாயின் சுவரில் கொழுப்புப் படிவதன் தொடக்கம். அப்படியானால் மனித உடலுக்குள் அந்த மாற்றத்தைச் செய்வது எது?

ஸ்டைன்பெர்க் குழுவினர் 1984இல் இதற்கு விடை தந்தார்கள். குழாயின் உட்சுவரில் உள்ள உயிரணுக்களே எல்.டி.எல். துகளின் கொழுப்பில் ஆக்ஸிஜன் ஏறும்படி செய்து அதைக் கெடுக்கக் கூடும் என்று காட்டினர். அக்குழுவில் பார்த்தசாரதியும் ஒருவர். இக்கொள்கையை விரித்துரைத்து, 1989இல் நியூ இங்கிலாந்து ஜர்னல் ஆப் மெடிசின் என்னும் மருத்துவ ஏட்டில் அவர்கள் எழுதிய கட்டுரை உலகெங்கும் பேசப்பட்டது. கொலஸ்ட்ராலின் அளவு முக்கியம்தான். அதோடு அது கெட்டுப்போகிறதா என்பதும் முக்கியம் என்று அது உணர்த்திற்று.

கெட்டுப்போன கொழுப்பு எப்படி இருக்கும் என்று நமக்குத் தெரியாதா என்ன? மூடாமல் வைத்த எண்ணெய்ச் சட்டியில் சில வாரங்களில் வரும் சிக்கு வாடையே அது. காற்று, வெளிச்சம், சூடு இம்மூன்றும் சேர்ந்தால் எண்ணெயில் ஆக்ஸிஜன் ஏறுகிறது. சட்டியில் நடப்பதும் இரத்தக் குழாயில் நடப்பதும் இடத்தால் வேறு. வேதியியலால் ஒரே இனம். சர்க்கரை நோயாளிகளின் இரத்தத்தில் மிகுந்த சர்க்கரை எல்.டி.எல். துகளின்மேல் ஒட்டிக்கொள்வதால் அது எளிதில் கெடுகிறது. பீடி, சிகரெட்டுப் புகையும் இக்கேட்டை வளர்க்கிறது. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் ஆதரவில் நடந்த ஆய்வொன்று, நம் நாட்டில் சர்க்கரை நோயாளிகள் சுமார் 10.1 கோடிப் பேர் என்று 2023இல் அறிவித்தது. இது நம் அண்டை வீட்டுச் செய்தி. பல இல்லங்களில் நம் வீட்டுச் செய்தியே.

ஆக்ஸிஜன் ஏறுவதைத் தடுக்கும் வைட்டமின் ஈ மாத்திரையை விழுங்கினால் போதாதா என்று சிலர் கேட்கலாம். உலகமும் அப்படித்தான் எண்ணியது. ஆனால் ஒன்பதாயிரத்துக்கு மேற்பட்டோரிடம் நடத்திய பெரும் ஆய்வின் முடிவு 2000ஆம் ஆண்டில் வெளிவந்தபோது, அம்மாத்திரையால் மாரடைப்புக் குறையவில்லை என்று தெரிந்தது. 2002இல் இருபதாயிரம் பேரிடம் நடந்த ஆய்வும் அவ்வாறே கூறிற்று. ஆராய்ச்சி தோற்றது என்று இதற்குப் பொருளில்லை. தினமும் தவறு செய்துவிட்டு மாத்திரையால் கழுவாய் தேட இயலாது என்பதே நாம் பெறும் பாடம்.

ஆகவே அடுப்படிக்கு வருவோம். கிறிஸ்துமஸ் பண்டிகைக்கும் பொங்கலுக்கும் முறுக்கும் அதிரசமும் சுட்ட எண்ணெய், வாணலியில் மிஞ்சுகிறது. அதைத் தூக்கில் ஊற்றி வைத்து, மறுநாள் அப்பளம், அடுத்த நாள் வடை, அதற்கடுத்த நாள் புது எண்ணெய் கலந்து பஜ்ஜி என்று ஒரு வாரம் ஓட்டுகிறோம். நம் அன்னையர் இதைச் சிக்கனம் கருதியே செய்கிறார்கள். எண்ணெய் விற்கும் விலையில் கொட்டிவிடு என்று சொல்வது எளிது; செய்வது கடினம். அதை நான் மறுக்கவில்லை. ஆனால் திரும்பத் திரும்பக் காய்ச்சுவது சிக்கனமே ஆகாது. இன்று மிச்சப்படுத்திய ஐம்பது ரூபாயை நாளை ஆயிரங்களாக மருந்துக் கடையில் கட்ட நேரிடலாம்.

உண்மையான சிக்கனத்துக்கு வழி உண்டு. பெரிய வாணலிக்குப் பதில் சிறிய குழிந்த வாணலியை வைத்து, தேவைக்கு மட்டும் எண்ணெய் ஊற்றலாம். மிஞ்சியதை ஆறவைத்து வடிகட்டி, இரண்டொரு நாளில் தாளிப்புக்குத் தீர்த்துவிடலாம். கறுத்து, கெட்டியாகி, நுரைத்து, சீக்கிரமே புகையும் எண்ணெயைக் கட்டாயம் விலக்க வேண்டும். எண்ணெய்ச் சட்டியை அடுப்பை ஒட்டி வைக்காமல் இருளான அலமாரியில் மூடி வைக்க வேண்டும். பலகாரத்தைத் தினசரி உணவாக்காமல் விசேஷ நாளுக்கு நிறுத்திக்கொண்டால், எண்ணெயும் மிச்சம், உடம்பும் மிச்சம்.

கடைகளுக்குச் சட்டம் இருக்கிறது. பொரித்த எண்ணெயில் சிதைவால் உண்டாகும் பொருள்கள் 25 சதவீதத்தைத் தாண்டினால் அதைப் பயன்படுத்தக் கூடாது என்னும் விதி, 2018 ஜூலை முதல் நாடெங்கும் நடைமுறைக்கு வந்தது. ஆனால் வீட்டு வாணலியைச் சோதிக்க எந்த அதிகாரியும் வரமாட்டார். அங்கே குடும்பத்தின் மனச்சாட்சியே அதிகாரி. இப்பொறுப்பைத் தாயின் தலையில் மட்டும் சுமத்துவதும் நியாயமன்று. மாலைதோறும் கறுத்த எண்ணெயில் பொரித்த போண்டாப் பொட்டலத்தோடு வீடு திரும்பும் தந்தையரும் சிந்திக்க வேண்டும்.

பழமொழிக்கு வருவோம். பார்த்தசாரதியும் உடன் உழைத்தவர்களும் 2006இல் வெளியிட்ட ஓர் ஆய்வில், நல்லெண்ணெய் கலந்த தீனி தின்ற எலிகளுக்கு இரத்தக் குழாயில் கொழுப்புப் படிவது குறைந்ததாகக் கண்டார்கள். எலிக்குக் கண்டது மனிதருக்கு அப்படியே பொருந்தும் என்று சொல்ல முடியாது. ஆகவே எண்ணெயை அள்ளி ஊற்றக் கூடாது. ஆனால் எளிதில் சிக்குப் பிடிக்காத பண்பு எள்ளெண்ணெய்க்கு இயற்கையாகவே உண்டு. பாட்டி சொன்னதைப் பரிகசிக்கவும் வேண்டாம்; சோதிக்காமல் நம்பவும் வேண்டாம். சோதித்துப் பார்ப்பதே அறிவியல்.

அன்பு மாணவியரே! உடலை இறைவனின் ஆலயம் என்று நமக்குக் கற்பிக்கிறார்கள். அந்த ஆலயத்தின் காவல் உங்கள் கையிலும் இருக்கிறது. இன்று மாலை வீட்டு எண்ணெய்த் தூக்கைத் திறந்து முகர்ந்து பாருங்கள். சிக்கு வாடை ஏன் வந்தது என்று உங்கள் அறிவியல் ஆசிரியையிடம் கேளுங்கள். பள்ளி விழாவில் பலகாரக் கடை போடும்போது, இவ்வாண்டு புதிய எண்ணெயில்தான் சுடுவோம், மிஞ்சியதை மறுநாள் காய்ச்சமாட்டோம் என்று உங்கள் வகுப்பே முதலில் முடிவெடுக்கட்டும். அருட்சகோதரியரும் பெற்றோரும் அதற்குத் துணை நிற்பார்கள் என்பது என் உறுதியான நம்பிக்கை.