நிருபனுக்கு நியமனக் கடிதம் எங்கே?

சில காலத்தின் முன் தென்மராட்சியிலிருந்து ஒரு கமக்காரர் நம்மைத் தேடி வந்தார். மடியிலிருந்த பொலித்தீன் பையை அவிழ்த்து மேசையில் வைத்தார். உள்ளே வெட்டியெடுத்த பத்திரிகைத் துண்டுகள், நூறுக்குக் குறையாது. எல்லாம் அவர் மகன் எழுதிய செய்திகள். பையன் படித்துக்கொண்டே ஒரு பத்திரிகைக்குச் செய்தி அனுப்பி வந்தவன். மழை நாளொன்றிற் செய்தி எடுக்கப் போகும் வழியில் மோட்டார் சைக்கிள் சறுக்கிக் கால் முறிந்தது. தகப்பனார் பத்திரிகைக் காரியாலயப் படியேறினார். "அவர் எங்கள் ஊழியர் அல்லர், செய்தி தந்தார், காசு கொடுத்தோம்" என்று மறுமொழி கிடைத்தது. அந்த நூறு துண்டுகளின் தலையிலும் "நமது நிருபர்" என்று அச்சாகியிருந்தது! அச்சில் நமது நிருபர். ஆசுபத்திரிக் கட்டிலில் யாரோ ஒரு பிள்ளை.

நியமனக் கடிதம் உண்டா என்று கேட்டோம். இல்லை. அடையாள அட்டை? அதுவும் இல்லை. "மாணவன்தானே, எழுதிப் பழகட்டும் என்று சொன்னார்களாம்" என்றார் கிழவர்.

மாணவன்தானே! இந்தச் சொல்லைச் சொல்லும் உரிமை யாழ்ப்பாணத்துக்கு எப்படி வந்தது? 1841 ஜனவரியில் 'உதயதாரகை' வெளிவந்தபோது அதன் ஆசிரியர்களாக அமர்ந்த கென்றி மார்ட்டினும் சேத் பேசனும் வட்டுக்கோட்டைச் செமினரியிற் படித்துத் தேறிய இளைஞர்கள். அதே செமினரியிற் கற்ற சிறுப்பிட்டித் தாமோதரம்பிள்ளை இளம் பருவத்திலேயே சென்னை சென்று 'தினவர்த்தமானி'யை நடத்தினார். பள்ளி வாங்கிலிருந்து பிறந்தது நமது பத்திரிகைத் தொழில். இன்று அதே வாங்கிலிருந்து எழுந்து வருபவனைப் 'பழகுகிறவன்' என்று சொல்லிக் கூலியை மறுக்கின்றோம்.

பழகுகிறவர்கள் கொடுத்த விலை யாது? 2007 ஓகஸ்ட் 1ஆந் திகதி விடியற்பொழுதிற் கொக்குவிலில் தமது வீட்டில் வைத்துச் சுட்டுக் கொல்லப்பட்டவர் சகாதேவன் நிலக்சன். வயது 22. யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தில் இதழியல் பயின்றுகொண்டிருந்தவர். 'சாளரம்' என்ற மாணவர் சஞ்சிகையின் ஆசிரியர். அவரைக் கொல்ல வந்தவர்கள், இவன் மாணவன்தானே என்று திரும்பிப் போகவில்லை. அதற்கு மூன்று மாதம் முன், ஏப்ரல் 29ஆந் திகதி, சைக்கிளிற் செய்தி சேகரிக்கச் சென்ற 'உதயன்' நிருபர் செல்வராசா ரஜிவர்மன் யாழ் நகரிற் சுடப்பட்டார். வயது 25. இதே கதி கிழக்கிலும் நேர்ந்தது. 2006 ஜனவரி 2ஆந் திகதி திருகோணமலைக் கடற்கரையில் ஐந்து மாணவர் கொல்லப்பட்டனர்; குண்டு வெடித்து மாண்டார்கள் என்ற கதை பரப்பப்பட்டது. 'சுடர் ஒளி' நிருபர் சுப்பிரமணியம் சுகிர்தராஜன் எடுத்த படங்களோ சூட்டுக் காயங்களைக் காட்டின. அதே மாதம் 24ஆந் திகதி அவரும் சுடப்பட்டு இறந்தார்.

பழைய கதை, இனி எதற்கு என்பாருளர். சட்டம் அறிந்தவர் அப்படிப் பேசலாகாது. 1979ஆம் ஆண்டின் குற்றவியல் நடபடிமுறைக் கோவை, 456ஆம் பிரிவைப் புரட்டிப் பாருங்கள். கொலைக்குக் காலவரையறை கிடையாது. 2000 ஒக்டோபர் 19ஆந் திகதி ஊரடங்கு வேளையிற் கொல்லப்பட்ட மயில்வாகனம் நிமலராஜன் விடயத்தில், 2022ஆம் ஆண்டிலே இங்கிலாந்துப் பொலிசார் ஒருவரைக் கைதுசெய்து விசாரித்தனர். கடல் கடந்த பொலிசுக்கு இருபத்திரண்டு ஆண்டு நீண்டதாகத் தோன்றவில்லை.

ஏனைய குற்றங்களுக்கோ அதே பிரிவு இருபது ஆண்டுகளே தருகின்றது. வடமராட்சி நிருபர் சுப்பிரமணியம் இராமச்சந்திரன் காணாமற்போனது 2007 பெப்ரவரி 15இல். கடத்தல் என்று மட்டும் குற்றஞ்சாட்டுவதாயின் 2027 பெப்ரவரியில் இருபது ஆண்டு நிறைவெய்தும். காணாமலாக்குதல் ஓயாது தொடரும் குற்றம் என்று வாதாட இடமுண்டு. நாமும் அவ்வாறே வாதாடுவோம். ஆயினும் அந்த வாதம் எடுபடுமா என்று பார்த்திருப்பது புத்தியன்று.

இவற்றுக்கும் நியமனக் கடிதத்துக்கும் என்ன தொடர்பு என்று கேட்பீர்கள். விசாரணை மன்றில் முதலில் எழும் கேள்வி, இறந்தவர் அங்கு ஏன் சென்றார், யார் அனுப்பினார் என்பதே. அனுப்பியவர் கையெழுத்திட்ட ஒரு தாள் இருந்தால், இது தொழிலின் பொருட்டு நேர்ந்த சாவு என்பதற்கு அதுவே முதற் சாட்சி. தாள் இல்லையேல், சொந்தப் பகை, பெண் விவகாரம், கொடுக்கல்வாங்கல் என்று எந்தக் கதையையும் கட்டிவிடலாம். கட்டியும் இருக்கிறார்கள்.

பத்திரிகை முதலாளிமாரே, உங்களுக்கும் இடர் உண்டென்பதை நாம் அறிவோம். 1981 ஜூன் 1ஆந் திகதி 'ஈழநாடு' எரிந்தது. 2006 மே 2ஆந் திகதி 'உதயன்' காரியாலயத்துள் நுழைந்து ஊழியர் இருவரைச் சுட்டுக் கொன்றனர். அத்தகைய தொழிலில் நிற்கும் உங்களிடம் நாம் கேட்பது பெரிதன்று. 1958ஆம் ஆண்டின் ஊழியர் சேமலாப நிதிச் சட்டத்தின்கீழ் வாய்மொழி ஒப்பந்தமும் ஒப்பந்தமே. துண்டுக்கூலிக்காரனும் தொழில் பழகுபவனும் ஊழியனே. உங்கள் பங்கு நூற்றுக்குப் பன்னிரண்டு. நம்பிக்கை நிதிக்கு மூன்று. தோட்டத்தில் வெங்காயம் கிண்ட வந்த கூலிக்கு அன்றைய கூலியும் தேநீரும் கொடாத கமக்காரனை ஊர் என்ன பெயர் சொல்லும்? அறிவை விற்கும் தொழிலில் மட்டும் அது பயிற்சியாகி விடுகிறதா?

சட்டத்தரணிகளாகிய நாமும் சுத்தர் அல்லர். காலையில் விறாந்தைக் கதிரையிலிருந்து பத்திரிகை விரிக்கின்றோம். சுன்னாகத்துக் கிணறுகளில் எண்ணெய் கலந்த செய்தியையும் அப்படித்தான் படித்தோம். அந்த வழக்கில் 2019ஆம் ஆண்டு உச்ச நீதிமன்றம் மின்னுற்பத்திக் கம்பனியை இரண்டு கோடி ரூபா கட்டப் பணித்தபோது மகிழ்ந்தோம். வீடு வீடாய்ச் சென்று போத்தலில் அள்ளிய தண்ணீரைப் படமெடுத்த பையனுக்கு மாதம் என்ன கிடைத்தது என்று நம்மில் ஒருவராவது கேட்டதுண்டா?

தென்மராட்சித் தகப்பனாரின் பையை நாம் திருப்பிக் கொடுக்கவில்லை. துண்டுகளைத் திகதி வாரியாக அடுக்கித் தொழில் திணைக்களத்துக்கு முறைப்பாடு எழுதியுள்ளோம். இப்படி வேறு பிள்ளைகள் இருப்பின் தமது துண்டுகளையும், காசு பெற்ற பற்றுச்சீட்டுகளையும், காரியாலயத்திலிருந்து வந்த தொலைபேசிச் செய்திகளையும் அழியாமற் கொண்டுவரட்டும். எழுதிக் கொடுப்பதற்கு நாம் கட்டணம் வாங்கமாட்டோம்.