"வலிக்கத்தான் செய்யும்"னாங்க

கம்பமெட்டு வளைவுல ஜீப்பு கவுந்து கால் ஒடிஞ்சது விதின்னே வச்சுக்குவோம். விடியறதுக்கு முன்னாடி ஒருத்தி மடியில ஒருத்தியா அடைஞ்சுக்கிட்டு ஏலத்தோட்டத்துக்குப் போற பொம்பளைகளுக்கு அந்தப் பயம் புதுசில்ல. அதுக்கு அப்புறம் நடந்ததும் விதியா?

முட்டிக்குக் கீழ எலும்பு தோலைக் கிழிச்சு வெளிய வந்திருச்சு. எனக்குச் சர்க்கரை வேற. சீழ் பிடிக்கும்னு தெரிஞ்ச டாக்டருங்க நீங்கதானே? முதல்ல வெளிக்கம்பி மாட்டுனீங்க, வீக்கம் வடிஞ்சதும் பிளேட் வச்சீங்க. கம்பி குத்துன இடத்துல நீர் கசிஞ்சுச்சு, காட்டுனேன். ராத்திரி குளிர் தூக்கித் தூக்கிப் போட்டுச்சு, சொன்னேன். முட்டி வீங்கி, போர்வை பட்டாலே உயிர் போச்சு, அழுதேன். "ஆபரேசன் பண்ணுன கால் வலிக்கத்தான் செய்யும், கத்தாதம்மா"ன்னு வீட்டுக்கு அனுப்பிட்டீங்களே!

மதுரையில ஒரு டாக்டர் முட்டியில ஊசி குத்தி இழுத்தார். மஞ்சளா, கெட்டியா ஏறுச்சு. மூட்டுக்கோட்டுக்கு ரொம்பப் பக்கத்துல, சுமார் 14 மில்லிமீட்டருக்குள்ள கம்பி போனா, மூட்டு உறைக்குள்ளயே கிருமிக்கு வழி கிடைச்சிருமாம். சீக்கிரம் திறந்து கழுவலைன்னா சில நாள்லயே குருத்தெலும்பை அரிச்சிருமாம். பிளேட்டுல படலம் கட்டி ஒட்டிக்கிட்ட கிருமிக்கு வெறும் மாத்திரை போதாதாம். அவர் சொல்லச் சொல்ல வயிறு எரிஞ்சுச்சு. ஒரு ஊசி. அந்த ஒரு ஊசியை ஏன் குத்தலை? உங்க வீட்டுப் பொம்பளைன்னா குத்தியிருப்பீங்கள்ல?

கிருமி யாருக்கும் வரும். வந்தது உங்க குத்தம்னு நான் சொல்லலை. வந்திருச்சுன்னு நான் சொன்னேனே, காதுல வாங்குனீங்களா? விபத்துன்னா முதல் 48 மணி நேரம் சிகிச்சை இலவசம்னு 2021-ல அரசாங்கத் திட்டம் வந்துச்சு, நல்ல திட்டம்தான். அதுக்கப்புறம் அந்தக் காலு யாரோடது?

ஏலக்காய் செடியோட அடியிலதான் காய்க்கும். குத்தவச்சு உக்காந்துதான் எடுக்கணும். இப்போ முட்டி மடங்காமப் போன எனக்கு எந்தக் கங்காணி வேலை குடுப்பான்? வட்டிக்காரன் காலைப் பார்த்துத் தள்ளுபடி பண்ணுவானா?

உங்க ஆஸ்பத்திரிக் கட்டில் கால்மாட்டுல தொங்குன அட்டையில நர்சம்மா காய்ச்சல் 102ன்னு எழுதுனதை நானும் என் மகளும் கண்ணால பார்த்தோம். டிஸ்சார்ஜ் சீட்டை அவ வரிவரியாப் படிச்சா. அதுல காய்ச்சலே இல்ல. அதை எழுதாம விட்டது யாரு? கையெழுத்துப் போட்டவங்க யாராவது வந்து பதில் சொல்லுங்க.