கீசருக்கு மணி தெரிகிறதா?

மார்கழி பிறந்துவிட்டால் மயிலாப்பூரிலும் தி.நகரிலும் விடியற்காலை வெந்நீருக்கு ஒரே கிராக்கிதான். அந்த நாளில் தாமிர பாய்லர் இருந்தது. நடுக்குழாயில் இரண்டு கை கரியும் கொட்டாங்கச்சியும் போட்டால் தண்ணீர் காயும். கரி தீர்ந்தால் நெருப்பும் தானே தணியும். இப்போது அந்த வேலையை கீசரும், அதோடு சேர்த்த டைமரும் பார்த்துக்கொள்கின்றன. கூடவே ஒரு புதுத் தலைவலியும் வந்திருக்கிறது.

எதிர் ஃபிளாட் பெண் போன வாரம் வந்து, "மாமி, அஞ்சரைக்கு வர வேண்டிய வெந்நீர் ஏழரைக்குத்தான் வருது. கீசர் போயிடுச்சு போலிருக்கு" என்றாள்.

"முதல்லே, நேத்து கரண்ட் எத்தனை நேரம் போச்சு, சொல்லு" என்றேன். இரண்டு மணி நேரமாம். கணக்குச் சரியாகிவிட்டது!

முள்ளும் வட்டும் உள்ள டைமருக்குள் ஒரு சின்ன மோட்டார்தான் கடிகாரத்தை ஓட்டுகிறது. கரண்ட் போனால் அது நின்றுவிடும்; வந்ததும் விட்ட இடத்திலிருந்து ஓடும். 2016 டிசம்பரில் வர்தா புயலுக்குப் பிறகு பல பேட்டைகளில் நாள்கணக்கில் கரண்ட் இல்லையே, அந்த மாதிரி சமயத்தில் அதற்குப் பகல் எது, ராத்திரி எது என்றே தெரியாது.

வெந்நீர் தாமதமானால் போகட்டும். ஆகாத நேரத்தில் கீசர் ஓடுவதுதான் ஆபத்து. 'டைமர் அணைச்சிருக்கும்' என்று நாம் நம்பியிருக்க, மத்தியானம் குழந்தை குழாயைத் திறந்தால்? 60 டிகிரி தண்ணீர் பெரியவர்கள் தோலையே 5 விநாடியில் வேக வைத்துவிடும். பிஞ்சுத் தோல் இன்னும் சீக்கிரம் வெந்துபோகும்.

எனவே மெக்கானிக்கைக் கூப்பிடுமுன் இவற்றைப் பாருங்கள்:

1. கரண்ட் போய் வந்த ஒவ்வொரு தடவையும் டைமரின் மணியைச் சரி பாருங்கள். வட்டை அம்புக்குறி காட்டும் திசையிலேயே திருப்புங்கள். சாயங்காலம் 6 மணி என்றால் அதில் 18.

2. எண் தெரிகிற டைமர் என்றால் உள்ளே சின்ன பாட்டரி இருக்கும். அது தீர்ந்துபோனால், கரண்ட் வந்ததும் மணி முதலிலிருந்து ஆரம்பிக்கும்.

3. பக்கத்துச் சின்ன சுவிட்ச் 'ஆன்' என்பதிலேயே இருந்தால் நீங்கள் வைத்த நேரத்துக்கு மதிப்பே இல்லை. அதை 'டைமர்' அல்லது 'ஆட்டோ' பக்கம் தள்ளுங்கள்.

4. 15 லிட்டர், 2000 வாட் கீசர் நம் ஊர்த் தண்ணீரைச் சுமார் 20 நிமிடத்தில் 60 டிகிரிக்குக் காய்ச்சிவிடும். குளிக்க அரை மணி முன்னால் வைத்தால் தாராளம். அரை மணி முழுக்க எரிந்தாலே ஒரு யூனிட் ஆச்சே!

5. மணி சரி, ஆனால் சூடு ஏற வெகுநேரம் ஆகிறதா? அடையாறு பக்கம் போர் தண்ணீர் உபயோகிப்பவர்கள், உள்ளே காயிலில் உப்புப் படிந்திருக்கிறதா என்று மெக்கானிக்கை விட்டுப் பார்க்கச் சொல்லுங்கள். நீங்களே திறக்க வேண்டாம்.

6. 2000 வாட் கீசர் 9 ஆம்பியருக்குக் கிட்டத்தட்ட இழுக்கும். பிளக், டைமர் இரண்டும் 16 ஆம்பியராக இருக்க வேண்டும். பிளக் சுட்டாலோ, கருகிய வாசனை வந்தாலோ உடனே நிறுத்திவிடுங்கள்.

இளம் தாய்மார்களுக்கு ஒரு வார்த்தை. டைமர் அணைந்த பிறகும் தொட்டியில் மணிக்கணக்கில் சூடு இருக்கும். வாளியில் முதலில் பச்சைத் தண்ணீர், அப்புறம்தான் வெந்நீர். நன்றாகக் கலக்கி, முழங்கையை விட்டுப் பார்த்த பிறகே குழந்தையைக் கூப்பிடுங்கள். தப்பித்தவறிச் சுட்டுவிட்டால் இங்க், பேஸ்ட், ஐஸ் எதுவும் வேண்டாம். 20 நிமிடம் குழாய்த் தண்ணீரில் காட்டிவிட்டு டாக்டரிடம் ஓடுங்கள்.