அட்வான்ஸ் 11, பாக்கி 108

மாடி வீட்டுப் பையன் பி.இ. முடித்த கையோடு ஹைதராபாத் பக்கத்து சில்கூர் பாலாஜியைப் பார்த்துவிட்டு வந்தான். 'விசா பாலாஜி' என்றால் அமெரிக்காவில்கூடத் தெரியும். வேண்டிக்கொள்ள 11 சுற்று, பலித்தால் 108. உண்டியலே கிடையாது! பி.காம். படித்த எனக்கு இந்தக் கணக்கு ரொம்பப் பிடித்தது. அட்வான்ஸ் சுமார் பத்து சதவிகிதம், பாக்கி டெலிவரிக்கு அப்புறம்.

கூடச் சுற்றிய நண்பனுக்கு விசா கிடைத்தது. இவனுக்கு இல்லை. பரீட்சை, அப்ளிகேஷன், விசா ஃபீஸ் என்று அப்பாவின் பி.எஃப். பணம் கரைந்ததுதான் மிச்சம்.

"ஒரே நாள், ஒரே 11 சுத்து. சாமி எதை சார் பார்த்துது?"

"சாமியை விடுப்பா. அங்கே படிச்சு வேலை கிடைச்சாலும், ஹெச்-1பி-க்கு வருஷம் 85,000 இடம்தான். அதுக்கும் குலுக்கல்!" என்றேன். முகம் இன்னும் வாடியது.

நண்பன் 108 சுற்றப் போகிறான். துணைக்கு இவனும் கிளம்பிவிட்டான். அப்படியே இன்னொரு 11 போட்டுவிட்டு வருவானாம்.