சுறாவுக்கு ஏது மூன்றாவது ஷிஃப்ட்?

திமிங்கலச்சுறா ஒரே தடவையில் 300 குட்டி போடும், நாலைந்தைப் பிடித்தாலும் அடுத்த வருடமே பெருகிவிடும் என்பது வாதம். கேட்க நன்றாக இருக்கிறது. கணக்குதான் இடிக்கிறது.

1. அந்த 300 எங்கிருந்து வந்தது? 1995-இல் தைவானில் பிடிபட்ட ஒரே ஒரு பெண் சுறாவின் வயிற்றிலிருந்து. அவையும் ஒரே வளர்ச்சிநிலையில் இல்லை. முட்டைக்குள் இருந்தவையும் உண்டு, பிறக்கத் தயாரானவையும் உண்டு. ஒரே தடவையில் என்று யார் சொன்னது?

2. பிறக்கும்போது நீளம் சுமார் அரை மீட்டர். பெண் சுறா ஏறக்குறைய 9 மீட்டரைத் தொட்டால்தான் தாயாகும். வயதைக் காட்டும் முதுகெலும்பு வளையங்களை, அணுகுண்டுச் சோதனைகள் பரப்பிய கார்பன்-14 கொண்டு சரிபார்த்தார்கள். 2020-இல் வந்த அந்த ஆய்வில், பாகிஸ்தானில் கிடைத்த 10 மீட்டர் பெண் சுறாவுக்கு வயது 50. அடுத்த வருடமா?

3. ஸ்ரீபெரும்புதூரை அடுத்த இருங்காட்டுக்கோட்டையில் ஹூண்டாயின் முதல் சான்ட்ரோ கார் வெளிவந்தது 1998-இல். அன்று பிறந்த குட்டி இன்னும் தாயாகாமலே இருக்கலாம். ஒரகடத்துக் கார் ஆலைகள் ஷிஃப்டைக் கூட்டி உற்பத்தியைக் கூட்டும். சுறா என்ன செய்யும்?

4. 2001-இல் இந்தியா திமிங்கலச்சுறாவை வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் சேர்த்தது. குஜராத்தில் வலையை அறுத்துச் சுறாவை விடும் மீனவருக்கு இழப்பீடும் உண்டு. வருடாவருடம் தானே பெருகுமென்றால், அந்தப் பணம் எதற்கு?