இயந்திரத்திற்கு ஜாதி உண்டா?

"தகுதி, திறமை" என்கின்ற பல்லவியைக் கேட்டுக் கேட்டு நமக்குச் சலித்துப் போய்விட்டது. இன்ன ஜாதியில் பிறந்தவனுக்குத்தான் புத்தி உண்டு, மற்றவனுக்கு நுட்பமான வேலை வராது என்று சொல்லுகின்றவர்கள் இன்னமும் நம்மிடையே இருக்கின்றார்கள். அவர்களுக்கு ஆகாய விமானத்தின் என்ஜினைக் காட்டிப் பதில் சொல்ல விரும்புகின்றோம்.

அமெரிக்காவில் சிக்காகோ நகரில் கர்ட்டிஸ்-ரைட் விமானப் பள்ளி என்று ஒன்று இருந்தது. கார்னீலியஸ் காஃபி, ஜான் ராபின்சன் என்னும் இரண்டு மோட்டார் மெக்கானிக்குகள் விமான மெக்கானிக் வேலை படிக்க அங்கே மனுச் செய்து சம்பளமும் கட்டினார்கள். நேரில் போய் நின்றபோதோ, தோல் கருப்பு என்று கண்டு பள்ளிக்கூடம் இடமில்லை என்றது. வழக்குத் தொடரப்படும் என்று மிரட்டிய பிறகே கதவு திறந்தது. 1931-ல் இருவரும் தேறினார்கள். பிறகு நடந்ததுதான் வேடிக்கை! கருப்பு மாணவர்களுக்குப் பாடம் சொல்ல அதே பள்ளி இவர்களையே அழைத்தது. பின்னர் காஃபி, 1935-ல் மெக்கானிக் சான்றிதழ் பெற்ற வில்லா பிரௌன் என்னும் பெண்மணியோடு சேர்ந்து சொந்தப் பள்ளியே நடத்தினார்.

நேற்றுத் தகுதியில்லாதவர்களுக்கு இன்று வாத்தியாராகும் தகுதி எங்கிருந்து வந்தது? பகவான் கொடுத்தாரா? கதவு திறந்தது, தகுதி வெளிப்பட்டது. அவ்வளவேதான்!

அந்த வேலைதான் என்ன? பிஸ்டன் என்ஜினில் சிலிண்டர் ஒன்றுக்கு இரண்டு ஸ்பார்க் பிளக். அவற்றிற்குப் பொறி கொடுக்க இரண்டு மேக்னெட்டோ. ஒன்று கெட்டால் மற்றது காப்பாற்றும். மெக்கானிக் அவற்றை ஒவ்வொன்றாக நிறுத்தி, சுற்று எவ்வளவு குறைகின்றது என்று அளக்கின்றார். சிலிண்டருக்குள் காற்றை அழுத்தி, கசிவது வால்வு வழியா, பிஸ்டன் ரிங் வழியா என்று காது கொடுத்துக் கேட்கின்றார். எண்ணெய் வடிகட்டியை அறுத்து விரித்து, உலோகத்தூள் மினுக்குகின்றதா என்று பார்க்கின்றார். கண்டதை எழுதிக் கையெழுத்திடுகின்றார். இதில் மந்திரத்திற்கு எங்கே இடம்?

நாமோ ஆயுத பூஜையன்று ஸ்பானருக்குக் குங்குமம் வைத்துக் கும்பிடுகின்றோம். மறுநாள் அந்த ஸ்பானரைப் பிடித்தவனைக் கீழானவன் என்கின்றோம். 1903-ல் ரைட் சகோதரர்களின் விமானத்திற்கு ஆறே வாரத்தில் என்ஜின் செய்து கொடுத்தவர் அவர்களுடைய சைக்கிள் கடைத் தொழிலாளி சார்லஸ் டெய்லர். அவர் கடைசல் யந்திரத்திற்குச் சந்தனம் பூசியா செய்தார்?

இன்று நம் நாட்டில் பிஸ்டன் என்ஜின் விமானத்தைப் பராமரிக்க டி.ஜி.சி.ஏ. என்னும் சர்க்கார் இலாகா பி1.2 என்ற உரிமம் கொடுக்கின்றது. அதன் பரீட்சையில் கோத்திரம் கேட்பதில்லை, நட்சத்திரம் கேட்பதில்லை. கணிதமும் பௌதிகமும் என்ஜினும்தான் கேட்கின்றார்கள். பரீட்சையோடு கைப்பழக்கமும் வேண்டும்.

ஆனால் பயிற்சிப் பள்ளியின் வாசலில் பணம் என்னும் பூட்டுத் தொங்குகின்றதே! சிக்காகோவில் தோல் செய்த வேலையை இங்கே ஏழ்மை செய்கின்றது. அந்த ஏழ்மை எந்த ஜாதிகளின் வீட்டில் அதிகம் என்பதை நாம் சொல்ல வேண்டியதில்லை. ஆகவே ஏழைப் பிள்ளைகளின் பயிற்சிச் செலவைச் சர்க்காரே ஏற்க வேண்டும் என்று கேட்கின்றோம். பெற்றோர்களையும் கேட்கின்றோம்: கருமாதிக்கும் கோயில் உண்டியலுக்கும் கொட்டுகின்ற காசை மகனுடைய, மகளுடைய படிப்பிற்குக் கொடுங்கள். கடன் வாங்கிச் சாமி கும்பிட்டவன் எவனும் அதனால் ஒரு திருகாணி முடுக்கக் கற்றுக்கொண்டதில்லை!