அறுபதில் ஆரம்பம்

புனேயிலிருந்து லோனாவாலா போகும் லோக்கலில் தளேகாவ் போய் இறங்கியபோது நல்ல மழை. அக்கா மகன் அங்கே கார் உதிரிபாகங்கள் செய்யும் தொழிற்சாலை ஒன்றில் பிரஸ் ஷாப்பில் இருக்கிறான். ஷிஃப்ட் முடிந்து வந்தால் கையில் கிதார். விநாயகர் சதுர்த்தி மேடையில் நண்பர்களோடு வாசிக்கப் போகிறான். பாட்டின் நடுவில் அரை நிமிட லீட் இவனுடையது. "மாமா, கேளுங்க" என்று ஆம்ப்ளிஃபயரைப் போட்டு, டிஸ்டார்ஷனை முழுக்கத் திருகி, பொரிந்து தள்ளினான். அசந்துபோனேன். பிறகு டிஸ்டார்ஷனை அணைத்துவிட்டு அதையே வாசிக்கச் சொன்னேன். பாதி ஸ்வரங்களைக் காணோம்.

வேகத்துக்கு ஆசைப்படும் எல்லோரும் விழும் பள்ளம்தான். (இருபது வயதில் நானும் விழுந்தேன், எழுந்திருக்காமல் கிதாரையே விட்டுவிட்டேன்.) மெல்லிய ஒலியையும் பலத்த ஒலியையும் டிஸ்டார்ஷன் ஏறக்குறைய ஒரே அளவாக்கிவிடும். சரியாக அழுந்தாத ஸ்வரம்கூட அந்த இரைச்சலில் தப்பித்துக்கொள்ளும். ஆனால் வாசிக்காத தந்தியின் முனகலை அதுவே பெரிதாக்கிக் காட்டும். அதனால் இரண்டு விதமாகவும் பழகவேண்டும். அணைத்துவிட்டு வாசித்தால் ஸ்வரங்கள் சமமாக விழுகின்றனவா என்று தெரியும். போட்டுவிட்டு வாசித்தால் மற்ற தந்திகள் சும்மா இருக்கின்றனவா என்று தெரியும். கனத்த தந்திகளை அடக்குவது வலது உள்ளங்கையின் ஓரம். மெல்லிய தந்திகளை அடக்குவது இடது ஆள்காட்டி விரலின் அடிப்பாகம்.

பையனின் கோளாறு வேறு இடத்தில் இருந்தது. நிமிடத்துக்கு 120 தட்டு, தட்டுக்கு நான்கு ஸ்வரம் என்றால் வினாடிக்கு எட்டு. ஒரு ஸ்வரத்துக்குக் கிடைப்பது எட்டில் ஒரு வினாடி. அதற்குள் இடது விரல் ஃப்ரெட்டை ஒட்டி அழுந்தவேண்டும், அதே கணத்தில் வலது கையின் பிக் தந்தியில் படவேண்டும். இவன் சுண்டுவிரலோ வேலையில்லாத நேரத்தில் கொடிக்கம்பம்போல் நிமிர்ந்து நிற்கிறது. அங்கிருந்து இறங்கி வருவதற்குள் பிக் தட்டிவிட்டுப் போய்விடுகிறது. பிக்கும் அப்படித்தான்: கீழே ஒன்று, மேலே ஒன்று என்று மாறி மாறிப் போகையில் நுனி மட்டும் தந்தியைத் தாண்டினால் போதும். இவன் மணிக்கட்டோடு வீசுகிறான்.

வேகமாக வாசிக்கும்போது இதெல்லாம் கண்ணில் படாது. செல்போனிலேயே மெட்ரோனோம் இருக்கிறது. 60-இல் வைக்கச் சொன்னேன். பிழையில்லாமல் ஐந்து தடவை வாசித்தால் நான்கு தட்டு ஏற்றலாம். ஒரு தடவை தடுக்கினாலும் இறக்கவேண்டும். பத்து நிமிடத்தில் பையனுக்குக் கொட்டாவி வந்துவிட்டது.

"உங்கம்மா சரளி வரிசை பாடினதைக் கேட்டிருக்கியாடா?" என்றேன். அக்கா சிறுமியாக இருந்தபோது பாட்டு டீச்சர் வருவார். தாளம் மாறாது. முதல் காலத்தில் தட்டுக்கு ஒரு ஸ்வரம், இரண்டாம் காலத்தில் இரண்டு, மூன்றாம் காலத்தில் நான்கு. முதல் காலத்தில் சுருதி சேராத பிள்ளைக்கு மூன்றாம் காலம் கிடையாது. மாண்டலின் ஸ்ரீநிவாஸ் மின்சார மாண்டலினில் அத்தனை வேகத்தில் போனபோதும் ஸ்வரங்கள் ஒன்றோடொன்று ஒட்டாமல் கேட்டதற்கு இந்தக் கர்நாடகப் பயிற்சிதான் அடித்தளம் என்பது என் எண்ணம்.

மெதுவாக வாசித்துக்கொண்டே இருந்தால் மட்டும் வேகம் வந்துவிடாது என்பதையும் சொல்லவேண்டும். வேகத்தின் அசைவு வேறு. அதற்கு ஐந்தே ஸ்வரங்களை எடுத்து முழு வேகத்தில் ஒரு வீச்சு வாசித்து நிறுத்துவது நல்லது. தோள் இறுகுவதற்குள் முடிந்துவிடும். அப்படி இரண்டு துண்டுகள் சுத்தமானால் இணைக்கலாம். இன்று வராதது நாளைக் காலையில் வருவதும் உண்டு. கை பழகியதை மூளை தூக்கத்தில் பதிய வைக்கிறது.

இரண்டாம் நாள் மணிக்கட்டு வலிக்கிறது என்றான், வலியோடே வாசித்தபடி. கிதாரை வாங்கி வைத்துவிட்டேன். 1830களில் ராபர்ட் ஷூமான் வலது கை விரல் ஒன்று கெட்டு, பியானோக் கலைஞராகும் கனவையே கைவிட நேர்ந்தது. பிரஸ்ஸில் நிற்கிற பையனுக்குக் கைதான் சோறு. அவனுக்கு டோனி அயோமியின் கதையைச் சொன்னேன். 1965-இல் பர்மிங்ஹாமில் ஒரு தகடுத் தொழிற்சாலையில், வேலையை விடவிருந்த கடைசி நாளன்று, 17 வயது அயோமியின் வலது கை நடுவிரல், மோதிரவிரல் நுனிகளை இயந்திரம் எடுத்துக்கொண்டது. இடது கைக்காரர், தந்தியை அழுத்தும் கை அதுதான். தீ விபத்தில் இரண்டு விரல்கள் முடங்கியும் வாசித்த ஜாங்கோ ரைன்ஹார்ட்டின் இசைத்தட்டை ஃபோர்மன் கொண்டுவந்து கொடுத்தார். அயோமி பிளாஸ்டிக் புட்டியை உருக்கி விரல் குல்லாய் செய்துகொண்டார், மெல்லிய தந்திகளைப் பூட்டினார். அழுத்தும் பலத்தைக் குறைத்துக்கொண்டு, 1968-இல் 'பிளாக் சபாத்' குழுவைத் தொடங்கியவர்களில் ஒருவரானார்.

பையன் தன் கிதாரிலும் ஒரு நம்பர் மெல்லிய தந்தி மாட்டினான். பயிற்சி இருபது நிமிடம், ஓய்வு பத்து நிமிடம் என்று ஆனது. ராத்திரி ஷிஃப்ட் இருந்தால் ஆம்ப்ளிஃபயர் கிடையாது. வீட்டுக்கார காக்கு மட்டும் மாடிப்படியில் என்னைப் பார்த்து, பையன் பாட்டையே மறந்துவிட்டானா, அதே நாலு சத்தத்தைத் தட்டிக்கொண்டிருக்கிறானே என்று கேட்டார்.

நான் கிளம்பிய அன்று 104-இல் சுத்தமாக வாசித்தான். பாட்டுக்கு வேண்டியது 126. சதுர்த்திக்கு இன்னும் மூன்று வாரம். எட்டாவிட்டால் கடைசி இரண்டு வரியில் ஸ்வரங்களைப் பாதியாகக் குறைத்து வாசிப்பதாக நண்பர்களிடம் சொல்லிவிட்டானாம். டிஸ்டார்ஷனைக் கூட்டிச் சமாளித்துவிடலாம் என்றார்களாம் அவர்கள்.